ஒடியல் மாவில் சுட்ட ஃபிஷ் பை

தட்டத்தின் மூடிமேல் கொட்டிய சிரட்டைத் தணலின் புகையும் உள்ளே வெந்துகொண்டிருந்த பாரை மீனின் மணமும் சேர்ந்து அன்று கரம்பொன்னில் எங்கள் ‘குசினி’ என்ற சமையலறையை நிறைத்திருந்தன, அது நல்ல மணமா என்று மட்டும் எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

அம்மா தென்பகுதி நகரமொன்றில் பிறந்து வளர்ந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அங்கிருந்த அப்பாவின் கடை எரிந்து, நாங்கள் கரம்பொன் இருக்கும் அப்பாவின் தீவுக்கு வந்து சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்து மனையியல் வகுப்பில் படித்ததைத் தவிர அம்மாவுக்குச் சமையல் தெரியாது. அவருடைய புட்டு கட்டிகட்டியாக இருக்கும். குழம்பில் புளி தூக்கும். பக்கத்து வளவிலிருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, “பிள்ளையள் பாவம்” என்று சொல்லிக்கொண்டு மத்தியானத்தில் கறிச்சட்டியோடு வந்துவிடுவார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்குவார், முகத்தைக் காட்டமாட்டார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வேலியோரம் நின்று, “மச்சாள், இண்டைக்கு நீங்கள் ஒண்டும் கொண்டரக் கூடாது. எல்லாருக்கும் இஞ்சதான் சாப்பாடு” என்றார். வகுப்பில் பாராட்டு வாங்கிய, மீனின் மேல் மா மூடி போட்டுச் சுடும் ஃபிஷ் பையைச் செய்து, தானும் சமைக்கத் தெரிந்தவர்தான் என்று அந்த ஒரு நாளில் காட்டிவிட நினைத்தார். கோதுமை மா கிடைக்காத காலம் அது. ஆகவே மேல்மூடிக்கு, மாமி தந்திருந்த ஒடியல் மாவைப் பிசைந்தார். பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மாவை ஊறவிட்டுப் பிழிந்து கசப்பை எடுக்க வேண்டும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அம்மாவுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

மாமி ஒரு வாய் வைத்து மென்றார்; மென்றுகொண்டே இருந்தார். அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்தார். நான்தான் துப்பினேன்.

“அம்மா, சரியாக் கசக்குது!”

“மாவை ஊறவிட்டுப் பிழிஞ்சனீரோ?” என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

“பிழியிறதோ? ஏன் மச்சாள்?”

“உதை வேலியில பூசிவிட்டால் ஒரு ஆடும் கிட்ட வராது” என்றார் மாமியின் கணவரான மாமா.

“நீங்கள் சும்மா இருங்கோ. மீன் நல்லாத்தான் இருக்கு” என்று மாமி மூடியை ஒதுக்கி அடியிலிருந்த மீனை எடுத்துச் சாப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், பிறகு துப்பியதைத் துடைத்தார்.

மறுநாள் எழுதிக்கொள்ள ஒரு கொப்பியோடு மாமியின் குசினிக்குப் போனவர், அதன் பிறகு மாமியின் அளவிலேயே சமைத்தார். ஒரு வருடத்துக்குள் அம்மாவின் கறியை ஊரே மெச்சியது.

நான் துப்பாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் யோசிக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும் என்றும் யோசிக்கிறேன். என் மூன்று வயது மகளுக்குச் சோறு தீத்தும்போது ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். போன வாரம் தொலைபேசியில் ஃபிஷ் பை எப்படிச் செய்வதென்று அம்மாவிடம் கேட்டேன்.

“உதெல்லாம் மறந்துபோச்சு பிள்ளை. மாமியின்ர மீன்குழம்பு சொல்லித்தாறன், எழுது.”

எழுதினேன். குழம்பு நன்றாக வந்தது. மகள் மிச்சம் வைக்கவில்லை. மாமியும் இல்லை, அந்தக் கரம்பொன் வீட்டுக்குக் கூரையும் இல்லை. மாமியின் சமையல் மட்டும் இருக்கிறது. அம்மாவுக்கென்று ஒரு கைப்பக்குவம் பிறகு வந்திருக்குமோ, வந்திருக்காதோ, அதை அறிய இனி வழியில்லை.