ஒரு சாண் கதவு

ஊரில் எந்தப் பூட்டும் என் மனைவியிடம் வாலாட்டாது. இரண்டு கம்பியை நுழைத்துக் காதை வைத்தாள் என்றால் கதை முடிந்தது. அப்படிப்பட்டவள், பெற்ற மகளின் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். தட்டாமல் நுழைந்து இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான்.

சாவியைத் தொலைத்துவிட்டு எங்கள் பூட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒரே கேள்வி: "உள்ள நுழைஞ்சதும் மொதல்ல என்ன கண்ணுல படும்?" பூட்டைத் திறந்து, கதவை ஒரு சாண் தள்ளி, சொன்ன பொருள் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் உடனே தெருப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அதற்குமேல் அந்த வீட்டில் தங்கமே கொட்டிக் கிடந்தாலும் அவளுக்கு வேண்டாம்.

ஒரு நாள் காலையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். அவளுடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மாடியில் தனியாகக் குடியிருக்கும் பத்திரிகைக்காரப் பெண்ணின் வீடு அது. அவள் வெளியூர் போயிருந்தாள்.

"திறம்மா. சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுறோம்."

"உள்ள நுழைஞ்சதும் மொதல்ல என்ன சார் கண்ணுல படும்?"

"தெரிஞ்சா நான் ஏன்மா தேட வர்றேன்?"

"அப்ப இது உங்க வீடு இல்ல. கோர்ட் உத்தரவு இருந்தா காட்டுங்க, இப்பவே திறக்கிறேன்."

உத்தரவு ஏது? அவர் முகம் கடுகடுத்தது. "கடை லைசென்ஸ் நாளைக்கு இருக்கணுமா வேண்டாமா?" என்றார். எங்கள் சோறும் மகளின் படிப்பும் அந்தக் கடையில்தான்.

"மூடுனா மூடிக்கோங்க சார். இதைத் திறந்துட்டா அப்புறம் எந்த வீட்டு வாசல்ல என்னை நம்பி நிக்க விடுவாங்க?"

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் நான் புலம்பினேன். "பெட்டிதானே போச்சு, கை இங்கதான இருக்கு" என்று விரல்களை ஆட்டிக் காட்டினாள். பயத்திலும் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

பத்திரிகைக்காரப் பெண் திரும்பி வந்ததும், நடந்ததைக் கேட்டு நேரே கோர்ட்டுக்குப் போனாள். உத்தரவில்லாமல் அந்த வாசலை மிதிக்கக் கூடாது, பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். லைசென்ஸ் பேச்சும் அதோடு அமுங்கியது.

சில மாதம் கழித்து அதே இன்ஸ்பெக்டர் கடை வாசலில் நின்றார்.

"வீட்டுச் சாவி தொலைஞ்சிடுச்சும்மா."

நாக்கு நுனியில் நாலு வார்த்தை வைத்திருந்தேன். அவள் ஒரு முறை முறைத்தாள். விழுங்கிவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அவர் வீட்டுக் கதவின் முன் குந்தியவள் நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள நுழைஞ்சதும் மொதல்ல என்ன சார் கண்ணுல படும்?"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பையனோட சைக்கிள்மா. செவப்பு."

பூட்டு திறந்தது. ஒரு சாண் தள்ளினாள். சிவப்புச் சைக்கிள் நின்றது. என் மனைவி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் உள்ளே போகும்வரை திரும்பவே இல்லை.