தக்கை, சிவப்புக் கயிறு, ஒரு வள்ளம்

படகு பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: குளிர்காலம் முழுக்கப் படகையே மறந்திருந்த டென்மார்க் சனம், வெயில் எட்டிப்பார்த்த முதல் சனிக்கிழமை ஒட்டுமொத்தமாக வந்து வாசலில் நிற்கும். ஓல்போர்க்கில் பிறெபன் என்பவரின் பட்டறையில் எனக்கு வேலை. சின்ன மோட்டார் படகுகளைத் தண்ணீரில் இறக்கமுன் எஞ்சின், பெற்றோல் குழாய், பற்றரி, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சோதித்துக் கொடுக்கவேண்டும்.

இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில், கணவனை இழந்த என் தங்கை கலா, தன் சின்ன மகளோடு வன்னியில் கடலுக்கும் ஆழமில்லாத உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில் அகப்பட்டிருந்தாள். அவளோடு கதைத்து வாரக்கணக்காகிவிட்டது. சிலர் வள்ளம் ஏறித் தப்பினார்கள் என்று கேள்விப்பட்டதும், அவளும் வள்ளத்தில்தான் வருவாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த விசயம் அது ஒன்றுதானே. எந்தப் படகு பட்டறைக்குள் வந்தாலும், இதில் கலா ஏறினால் என்னவெல்லாம் பிழையாகப் போகும் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் வேலைக்குப் போனவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

மேசை மேல் தக்கை

படகின் பின்பக்க அடியில் ஒரு துவாரம் இருக்கும். குளிர்காலத்தில் மழைத் தண்ணீர் வடியட்டும் என்று அதன் தக்கையைக் கழற்றிவிடுவார்கள். திரும்பப் போடாமல் இறக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டுமா? பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் எங்களிடம் காட்டாமலே தன் படகை இறக்கிவிட்டு, அதற்குள் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் கரையில் நின்று கத்துகிறேன், அவர் சிரித்துக் கையசைக்கிறார். சப்பாத்து நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

நானும் பிறெபனும் கயிறு எறிந்து இழுத்துக் கரையேற்றினோம். அந்த மனிதரிடம் பதற்றம் மருந்துக்கும் இல்லை. எங்கள் ஆட்கள் என்றால் இதற்குள் ஊரையே கூட்டியிருப்பார்கள். தண்ணீருக்குப் பயப்படாமல் ஒருவர் எப்படித்தான் வளர்ந்திருப்பார் என்று எனக்கு ஒரே ஆவல். அதைக் கேட்கமுடியாமல், தக்கை எங்கே என்று கேட்டேன்.

“தொலைந்துவிடக் கூடாது என்று சமையலறை மேசையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.”

செத்த மனிதன்

எஞ்சின் ஓட்டுபவர் ஒரு சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளவேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். பட்டறையில் நாங்கள் அதைச் சிவப்புக் கயிறு என்றுதான் சொல்வோம். அதன் மறுமுனை எஞ்சினில் மாட்டியிருக்கும் இடத்துக்கு டெனிஷ் மொழியில் ‘செத்த மனிதனின் பொத்தான்’ என்று ஒரு பெயர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு காலை, பிறெபன் இல்லாத நேரம், பட்டறைத் தொலைபேசி அடித்தது. வயதான ஒரு பெண். அவர் அவசரமாகச் சொன்னதில் ‘செத்த மனிதன்’ என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பக்கத்தில் கிடந்த பெற்றோல் கலன் மேல் இருந்துவிட்டேன். வன்னிச் செய்தி எப்படியோ சுற்றிவளைத்து இந்த அம்மாவின் வாயால் வருகிறது என்று என் புத்தி கணக்குப் போட்டுவிட்டது. செத்தது ஆணா பெண்ணா, பிள்ளை எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

“ஒருவரும் சாகவில்லை. என் படகின் கயிற்றைத்தான் காணவில்லை.”

ஜெபம்

மே மாதம் முரல் மீன் வரும். அதைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதற்கென்றே பழைய படகு ஒன்றை வாங்கி, ஸ்கீவ என்ற ஊரிலிருந்து மனைவியோடும் ஏழு வயது மகளோடும் வந்திருந்தார் செல்வன் அண்ணை. பெந்தெகொஸ்தே சபைக்காரர். தேத்தண்ணி குடிக்கும்போது கலாவின் கதையைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் எஞ்சின் மேல் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார். டென்மார்க்கில் பிறந்த மகள் வெட்கத்தில் டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். படகுக்காகத் தொடங்கிய ஜெபம் வன்னிக்குப் போய்க் கலாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தது. நான் சைவக்காரன்தான், ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

பிறகு சோதித்தேன். லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெரியவர்களின் அளவு. அதைச் சிறுபிள்ளைக்குப் போட்டால் பிள்ளை கீழே போகும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். சின்னது இல்லாமல் படகை விடமாட்டேன் என்று நின்றேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார் அண்ணை. என் குரல் உயர்ந்துவிட்டது. அவருடைய மகளுக்காக மட்டும் நான் சண்டை பிடிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. சத்தம் கேட்டு வந்த பிறெபன் விசயத்தைக் கேட்டறிந்து, உள்ளே போய்ச் சின்ன ஜாக்கெட் ஒன்றை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

“அவர் ஜெபித்துத் தன் வேலையைச் செய்துவிட்டார். நீ உன் வேலையைச் செய்.”

எத்தனை குதிரை?

சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்து சில நாள். எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தேன். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது, தெரியாத இலக்கம். எண்ணெய்க் கையோடு எடுத்தேன். கலா. அகதி முகாமில் யாரோ ஒருவரின் கைபேசியாம், கனநேரம் கதைக்க ஏலாதாம். அவளும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள்.

வேறு யாராவது என்றால் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்டது என்ன தெரியுமா? எஞ்சின் எத்தனை குதிரை வலு, எத்தனை பேரை ஏற்றினார்கள், பிள்ளைக்கு ஜாக்கெட் தந்தார்களா? அந்த வசந்தம் முழுக்கச் சேர்த்துவைத்த கேள்வியெல்லாம் கொட்டுப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“அண்ணை, வள்ளம் ஆர் தந்தது? பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு களப்புத் தண்ணிக்குள்ளாலை நடந்துதான் வந்தனான்.”

எத்தனையோ படகுகளைச் சோதித்து இறக்கிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அந்த வசந்தம் முழுக்க ஒரு குறையும் விடாமல் கலாவுக்காக மனதுக்குள் பொருத்தித் தயாராக்கி வைத்த அந்த ஒரு வள்ளத்தை மட்டும் இன்றுவரை ஒருவரும் எடுக்க வரவில்லை.