தரைக்கு இஸ்திரி

கிரைண்டர் குழவி கைநழுவி விழுந்த சத்தத்தில் அலறியடித்து ஓடி வந்தேன். என் மனைவி குழவியையும் பார்க்கவில்லை, தன் காலையும் பார்க்கவில்லை. தரையைத்தான் வெறித்துக்கொண்டு நின்றாள்.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கூடம் முழுக்கத் தேக்குப் பலகைத் தரை. குன்னூரில் ஏதோ பங்களாவை இடித்தபோது வீட்டு ஓனரின் அப்பா வாங்கி லாரியில் இறக்கிய பலகைகளாம். ஓனர் மற்ற விஷயங்களில் பரம சாது. தரை என்று வந்துவிட்டால் வேறு ஆள். கட்டிலை இழுத்துக் கீறல் போட்டதற்காக எங்களுக்கு முன்பு இருந்தவர்களை அந்த மாசமே காலி செய்யச் சொல்லிவிட்டார். கல்யாணமானதிலிருந்து வீடு வீடாகச் சாமான் கட்டி அலுத்துப்போயிருந்த என் மனைவிக்கோ இந்த வீட்டை விட மனசே இல்லை.

விழுந்த நேரமும் வாகான நேரம். ஓனரின் மகளுக்கு இரண்டு நாளில் நிச்சயம், அதுவும் எங்கள் கூடத்தில். கீழே இடம் பத்தாது என்று கேட்டிருந்தார்கள். காலை இட்லிக்கு நானே மாவாட்டித் தருகிறேன் என்று இவளாகவே போய் ஒப்புக்கொண்டாள். சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குழவியை முன்கூட்டியே பின்பக்கக் குழாயில் கழுவி வைக்கலாமென்று கூடத்தின் வழியே தூக்கிக்கொண்டு போனதில்தான் இந்த வினை. விழுந்த கல் துள்ளி உருண்டு வரிசையாகக் குழிகளைப் போட்டிருந்தது.

"எதுக்கு இப்படி முழிக்கறே? நிச்சயத்தன்னைக்கு ஜமுக்காளத்த விரிச்சுப்போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். பவானி ஜமுக்காளம் இதற்காகவே நெய்யப்படுகிறது என்பது என் கட்சி.

"சுருட்டுனதுக்கு அப்புறம்ங்க?" என்றாள்.



குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஏனுங்க, மழைக்காலத்துல நம்ம பாத்ரூம் கதவு உப்பிக்கிட்டுச் சாத்தவே மாட்டேங்குதுல்லீங்க? தண்ணி பட்டா மரம் உப்பும். இந்தக் குழியும் உப்பாதுங்களா?" என்றாள். இத்தனை வருஷம் அந்தக் கதவைத் திட்டியதைத் தவிர நான் வேறொன்றும் யோசித்ததில்லை.

உடனே தரையில் கை வைத்துவிடவில்லை, அதுதான் அவள். உட்காரும் மணைப்பலகையைக் கவிழ்த்துப் போட்டு, குழவியால் வேண்டுமென்றே ஒரு குத்து குத்தினாள். குழிக்குள் தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். மேலே ஈரத்துணியை மடித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுத்தாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. துணியை விலக்கினால் குழி பாதிதான் இருந்தது! மறுபடி செய்தாள். பலகை சமமாகிவிட்டது. நான் கைதட்டியதற்கு, சத்தம் கீழே கேட்டுவிடும் என்று முறைத்தாள்.

அப்புறம்தான் தரைக்கு வந்தாள். குழியைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், துணி, பெட்டி. பெட்டியை ஓர் இடத்தில் நிற்க விடவே மாட்டாள். வைத்த கை உடனே எடுத்துவிடும். மறுநாள் வரை காயவிட்டு, திரும்பவும் தேய்த்து எண்ணெய் பூசினாள். எனக்கு எது குழி இருந்த இடம் என்றே தெரியவில்லை. ஒன்று மட்டும் எழும்பவில்லை. அங்கே மரத்தின் நாரே அறுந்துவிட்டிருந்தது. மெழுகு வைத்து அடைக்கலாமே என்றேன். வேண்டாமென்றாள்.

நிச்சயத்தன்று காலை ஓனர் ஜமுக்காளங்களோடு மேலே வந்தார். "ஒரு நிமிஷம்ங்க" என்று அவரை நிறுத்தி, அந்தக் குழியைக் காட்டினாள். அதோடு விட்டாளா? கண்ணுக்கே தெரியாத மற்ற இடங்களையும் ஒன்றுவிடாமல் காட்டினாள். அடுத்த வீடு தேட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஓனர் மண்டிபோட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மணி, அந்த ஜன்னலோரம் ஒண்ணு இருக்குதுங்க. போன வருசம் நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப, தரைக்குப் பூசற எண்ணெய் டப்பாவ நாந்தான் கீழ போட்டுப்போட்டேன். ஊட்ல யாருக்கும் தெரியாது. அதையும் எழுப்பிப்போடலாமுங்களா?" என்றார்.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இவள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி சூடேறி ஆவி கிளம்பும் நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே படியேறி வந்துவிட்டார்கள். முன்னால் வந்த மாப்பிள்ளையின் அம்மா தட்டும் கையுமாக அப்படியே நின்றார்.

"ஏனுங்க, யாருங்க இது? தரைக்குப் போயி இஸ்திரி போடுது?"

மாடியில் வாடகைக்கு இருக்கிறவங்க என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"நம்மூட்டுப் புள்ளைங்க" என்றார் ஓனர். "இனி இந்தத் தரை அதோட பொறுப்புங்க."

என் மனைவி நிமிரவில்லை. துணி கருகும் வாசம் கூடம் முழுக்க வந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினேன்.