கைக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று

தலையில் இரண்டு துளை போட்டு, மூளைக்குள் கம்பி இறக்கி, நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு பற்றரியையும் வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்கின்சன் வந்து வலது கை ஆடத் தொடங்கியதிலிருந்து நான் தேத்தண்ணியைப் பாதிக் கோப்பைக்கு மேல் ஊற்றியதில்லை. மனைவி இருந்தவரை அவள் பிடித்துத் தருவாள். அவள் கண்மூடிய பிறகு, பிரெஞ்சு பேசும் இந்தப் பியர்பொன்ட்ஸில் இவ்வளவு பெரிய வீட்டில் பாதிக் கோப்பையோடு நான் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் தாதிப் பிள்ளை மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். கூட்டினால் கை அசையாமல் நின்றது. ஆனால் நாக்குத் தடித்து, நான் சொல்வது எனக்கே விளங்கவில்லை. குறைத்தால் பேச்சுத் தெளிந்தது, கை பழையபடி ஆடியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தேடி எத்தனையோ தரம் பஸ் ஏறிப் போனேன். அப்படி ஓர் இடம் என் மண்டைக்குள் இல்லையாம். கடைசியில் ரிமோட்டில் இரண்டு விதமாகவும் வைத்துத் தந்தாள். ஒன்று கைக்கு, ஒன்று குரலுக்கு. தேவைப்படும்போது நானே மாற்றிக்கொள்ளலாம்.

“நீங்கள் அதிகம் கதைப்பது எப்போது?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“ஞாயிறு காலை.”

“மற்ற நாட்களில்?”

நல்ல பிள்ளை, தெரியாமல் கேட்டாள். எனக்கென்னவோ சுள்ளென்று கோபம் வந்தது. மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா போன் எடுப்பார். எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். மின்சாரம் கூடியிருந்த ஒரு ஞாயிறு, “தம்பி, நீ சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. பக்கத்திலை ஆரும் நிண்டால் போனைக் குடு” என்றார். பழக்கதோசத்தில் நான் திரும்பியும் பார்த்தேன்.

அதனால் அடுத்த ஞாயிறு ரிமோட்டைக் குரலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். ஆடுகிற கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன்.

“இப்ப வடிவாய் விளங்குது. கை எப்பிடியடா?”

“ஆட்டம் நிண்டிட்டுது அக்கா.”

“சும்மா சொல்லாதை. வீடியோவைப் போட்டுக் காட்டு. எத்தினை கோயிலுக்கு நேத்தி வைச்சனான்.”

இந்த வயதில் அவருக்கு இந்த இரட்டை ஏற்பாட்டை விளங்கப்படுத்தி, இரவெல்லாம் கவலைப்பட வைக்க எனக்கு மனம் வரவில்லை. “கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். அன்றைக்கு நான் தெளிவாகச் சொன்னது அதோடு சரி. ரிமோட்டை அமத்திக் கைக்கு மாற்றினேன். கை மெல்ல மெல்ல அடங்கியது. கோப்பையில் தேத்தண்ணியை நிறைய ஊற்றி, வீடியோவைப் போட்டு, வலது கையால் தூக்கிப் பிடித்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அக்கா அழுதார். பிறகு சிரித்தார். வைரவருக்கு வடைமாலை சாத்தப் போவதாகச் சொன்னார். கனநேரம் அவர்தான் கதைத்தார்.

“ஏன்டா பேசாமல் இருக்கிறாய்? ஏதாவது கதையன்.”

எனக்குச் சொல்ல இருந்தது. இந்த வீட்டில் தனியே இருக்கப் பயமாக இருக்கிறது என்று அவரிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நாக்கோ தடித்துக் கிடந்தது. கோப்பையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

“சந்தோசத்திலை வாயடைச்சுப் போச்சு உனக்கு” என்று தானே முடிவுகட்டி, போனை வைத்தார்.

ஆறிப்போன தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேன். ரிமோட்டைத் திரும்ப மாற்றவில்லை. அடுத்த ஞாயிறு வரைக்கும் குரலுக்கு வேலையில்லை.