கறுப்புச் சட்டைக்கு வைத்த மஞ்சள்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படம், ஈப்போவில் இருக்கும் எங்கள் சட்டை அச்சிடும் கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாட்டியது நானேதான்.

கடை, ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்த அப்பா தொடங்கியது. மஞ்சள் டி-சட்டை, சிவப்பு எழுத்து, கோயில் திருவிழா: அச்சு என்றால் அவருக்கு அவ்வளவுதான். நான் வந்த பிறகு தங்கத்தாள், உப்பி நிற்கும் மை என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். உப்பும் மையில் அடித்த புலி, சூடு கூடிப்போனதால் பல்வலிக்காரனைப் போலக் கன்னம் வீங்கி நின்றது. வீட்டில் அப்பா இன்னும் அந்தப் புலியைத்தான் போட்டுக்கொள்கிறார்.

ஒருநாள் பக்கத்து ஊரான காம்பாரிலிருந்து ஒரு நடனக் குழுத் தலைவி வந்தாள். தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்குக் கறுப்புச் சட்டை வேண்டும். இருண்ட மேடையில் புற ஊதா விளக்கை அடித்தால் ஆள் தெரியக் கூடாது, மயில் தோகை மட்டும் ஒளிர வேண்டும்.

"முடியுமா அக்கா?"

"முடியும்."

அவள் போனதும் அப்பா, "நம்ம செஞ்சதே இல்லையே லா!" என்றார்.

"இனிமே செய்வோம்பா."

சரியாக வந்தால் புது வேலைகளை எல்லாம் என்னிடமே விட்டுவிடுவதாகச் சொன்னார். சொதப்பினால் பழையபடி மஞ்சள் சட்டை, சிவப்பு எழுத்து.

முதல் மை அட்டை போல விறைத்து, கையைத் தூக்கினால் வெடித்தது. அடுத்தது துவைத்ததும் போய்விட்டது. மூன்றாவது மை மென்மையாகப் படிந்தது. ஒளிர்கிறதா என்று பார்க்கக் கடையில் இருட்டான இடம் கழிவறை ஒன்றுதான். நானும் அப்பாவும் புற ஊதா விளக்கோடு உள்ளே நெருக்கியடித்து நின்று கதவைச் சாத்தினோம். தே தாரிக் கொண்டுவந்த பக்கத்து மாமாக் தேநீர்க் கடை அண்ணன் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"இருங்கண்ணே, மயிலு வருது!" என்றார் அப்பா.

அவர் தேநீரை வைத்துவிட்டு ஓடியே போய்விட்டார்.

மாதிரிச் சட்டை அருமையாக ஒளிர்ந்தது. மற்றவற்றையும் அடித்து முடித்தோம். மடித்து வைக்க அம்மா வந்தார்.

வாங்கிப்போக வந்த தலைவியைப் பெருமையோடு கழிவறைக்கு அழைத்துப்போய் விளக்கைப் போட்டேன். தோகை மின்னியது. அதற்கு மேலே, கழுத்துப் பட்டியில், பச்சையாக ஒரு புள்ளியும் மின்னியது. அடுத்த சட்டையிலும் அதே புள்ளி.

"அக்கா, மயிலுக்குப் பொட்டா?"

"அம்மா!" என்று கத்தினேன்.

"தீபாவளிக்குப் போய் கறுப்புச் சட்டை! மஞ்ச வைக்காம எப்படி லா குடுக்கிறது? எல்லாத்துக்கும் வெச்சுட்டேன்," என்றார் அம்மா.

மஞ்சளும் அந்த விளக்கில் ஒளிரும் என்பதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"பொட்டு இருந்தா வேணாம் அக்கா. இருட்டுல ஆள் நிக்கிறது தெரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டுத் தலைவி வெறுங்கையோடு போனாள்.

சோப்புப் போட்டால் மஞ்சள் சிவந்ததே தவிரப் போகவில்லை. வெயிலில் மஞ்சள் வெளுக்கும், ஆனால் என் மையும் வெளுக்கும். அதனால் சட்டைகளை உள்பக்கம் வெளியே திருப்பி, கழுத்துப் பட்டியை மட்டும் வெயில் படும்படி மடித்துவிட்டு, வீட்டு வேலி நெடுக மாட்டினேன். ஈப்போ மழை வரும்போதெல்லாம் நானும் அம்மாவும் அள்ளிக்கொண்டு ஓடினோம்.

"படிச்ச புள்ள வேலிக்குச் சட்டை போட்டு விடுது," என்றார் அப்பா.

கடைசியில் புள்ளிகள் மறைந்தன. ஒவ்வொன்றையும் விளக்கில் பார்த்துத்தான் கொடுத்தேன்.

நிகழ்ச்சிக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். அரங்கம் இருண்டது. மயில்கள் அந்தரத்தில் ஆடின. கூட்டம் வாய்பிளந்தது. எங்கள் கடை அச்சு என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் மேடை நடுவே ஒரு பச்சைப் புள்ளி மிதந்து வந்தது.

அம்மா எழுந்தே விட்டார். "அதோ, என் மஞ்ச!"

"எப்படிம்மா? எல்லாத்தையும் பார்த்தேனே!"

"அந்தச் சாம்பிள் சட்டைக்கு மட்டும் அன்னிக்கு வைக்க விட்டுப்போச்சு. அதான் நீ பார்த்து முடிச்சதும், பையில போடறப்ப வெச்சேன்."

மாதிரிச் சட்டையைப் போட்டிருந்தவள் தலைவி. ஆட்டம் முடிந்ததும் நேராக எங்களிடம் வந்தாள். நான் மன்னிப்புக்கு வாயைத் திறந்தேன்.

"அக்கா, அத்தனை பேர்ல எங்கம்மா என்னை மட்டும் கரெக்டா கண்டுபிடிச்சிட்டாங்க!" என்று சிரித்தாள்.

காரில் ஏறும்போது அப்பா என்னிடம், "சரி, இனிமே புது வேலையெல்லாம் நீயே பாரு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மஞ்சக் கிண்ணத்தை மட்டும் பூட்டி வை," என்றார்.