அப்பாவின் வாயும் அடுத்தவர் குரலும்

எங்கள் தந்தையாரை அடக்கம் செய்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்கள், தங்கள் புகைப்படம் இருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டியிருப்பீர்கள். இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

அப்பா தங்கவயலில் பிறந்து, சுரங்கத்தில் உழைத்து, அது மூடப்பட்டதும் எங்களோடு பெங்களூரு லிங்கராஜபுரத்தில் குடியேறினார். அச்சகத்தில் வேலை. தவக்காலம் வந்தால் மாதா கோயில் நாடக மேடையில், சிலுவைத் தீர்ப்புச் சொல்லிக் கை கழுவும் பிலாத்து வேடம். மைக் கிடையாது, தொண்டைதான். அவர் கை கழுவும்போது கடைசி வரிசைக் குழந்தைகூட அழுகையை நிறுத்தும்.

அதைப் பார்த்த ஒருவர் அவரைக் கன்னட சினிமாவுக்கு அழைத்துப் போனார். டாக்டர், நீதிபதி, பெண்ணைப் பெற்றவர். கண்ணாடியைக் கழற்றிக் கைவிரிக்கும் டாக்டர் என்றால் அப்பாதான். ஆனால் முகம் போதும், குரல் வேண்டாம் என்றார்கள் அந்த மேதைகள். அப்பாவின் கன்னடத்தில் தமிழ் வாடை அடிக்கிறதாம். கன்னடத்தில் தண்ணீர் கேட்கத் தெரியாத கதாநாயகியிடம் மட்டும் எந்த வாடையும் அடிக்கவில்லை. எல்லாப் படத்திலும் அப்பாவுக்கு ஒரே ஆள் டப்பிங் பேசினார். அவரை அப்பா பார்த்ததே இல்லை. "என் வாயில குடிவந்தவன், காலி பண்ண மாட்றான்" என்பார்.

நுரையீரல் நோய் கடைசி மாதங்களில் அவர் பேச்சையும் வாங்கிக்கொண்டது. மறைந்தபோது திரையுலகம் வாட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பல் அனுப்பியது. அதுவும் ஃபார்வர்டு.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அவர் கொரல் எதுலனா இருக்குதா பாருடா. ஒரு தபா கேட்டா போதும்."

தேடினேன். கோயில் நாடகத்தைப் படமெடுத்த கலைஞர் வசனத்தை நீக்கிவிட்டு வயலின் சேர்த்திருந்தார். அப்பா எனக்கு அனுப்பிய ஒரே குரல் செய்தியை, கைப்பேசியில் இடமில்லை என்று வந்ததும் பதறிப்போய் நானே அழித்திருந்தேன். காலை வணக்கப் பூங்கொத்துகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அம்மாவிடம் "தேடினு இருக்கேன்மா" என்று ஒரு மாதம் ஓட்டினேன்.

முப்பதாம் நாள் ஜெபத்தன்று காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால், திரையில் அப்பாவின் வாயிலிருந்து வருமே, அந்தக் குரல்: "தம்பி, ஒரு நிமிஷம்."

அது அப்பாவின் குரலே அல்ல என்பது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஆனாலும் தட்டைப் பங்குத்தந்தையின் மடியில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறி ஓடியவன் நான்தான். ஐம்பது வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

கீழேயிருந்து தங்கை கத்தினாள்: "அண்ணா, பேய் இல்ல, டப்பிங்காரரு! எறங்கி வா, மானம் போவுது."

மெலிந்த கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா? என் ஊட்டுக்காரர் வாயில உக்காந்துனு இருந்தது?"

"நான்தாம்மா. மன்னிச்சுடுங்க. ஷூட்டிங்ல அவர் பேசினதைக் காதுல கேட்டுக்கிட்டேதான் நான் பேசணும். அத்தனை வருஷம் கேட்டிருக்கேன்."

"அந்தப் பதிவு இருக்கா?" என்றேன், பாதிப் படியிலிருந்து.

"படம் முடிஞ்சா அழிச்சிடுவாங்க சார். ஆனா எனக்கு மறக்கல."

தொண்டையைச் செருமினார். பிறகு பேசியது அவரல்ல.

"இன்னும் எத்தினி டேக்கு சாமி? சீக்கிரம் முடிங்க. ஊட்ல அவ சாப்டாம காத்துனு இருப்பா."

அப்பாவேதான். சுரங்கத் தூசி உட்கார்ந்த அந்தக் கரகரப்பு, 'சாமி'யில் அந்த இழுப்பு. மைக் ஓடுவது தெரியாமல் மதியந்தோறும் சொல்வாராம்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் எங்க காத்துனு இருந்தேன்? ஒரு மணிக்கே துன்னுட்டுப் படுத்துடுவேன். அவராண்ட சொன்னதில்ல." அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இன்னொரு தபா சொல்லு சாமி" என்றார்.

அவர் சொன்னார். அம்மா போதும் என்னும்வரை சொன்னார்.

நோயில் துணைநின்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும், பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்த தெருவாருக்கும், பொறுமையே உருவான பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. திரையுலகத்துக்கு நன்றி ஏதுமில்லை, ஒருவரைத் தவிர. அவர் மாதம் ஒருமுறை மதியத்தில் வீட்டுக்கு வருகிறார். எவ்வளவு நேரமானாலும் அன்று அம்மா சாப்பிடாமல் காத்திருக்கிறார்.