நான்கு வாஷர்கள்

என் மேசை இழுப்பறையில் நான்கு வாஷர்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நிருபர் வேலையில் இருந்தபோது சேர்த்த பேனாக்களையும் அடையாள அட்டைகளையும் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். இவற்றைப் போடவில்லை. ஒரு கல்லூரித் தாளாளர் இவற்றை என் உள்ளங்கையில் கொட்டி, "பேப்பர்காரரே, பிடிங்க, கோணலை எடுத்தாச்சு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

கல்லூரி தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவில் இருந்தது. தாளாளர் அதற்கு முன் அரவை மில் நடத்தியவர். அதில் குறை ஒன்றுமில்லை. நெல்லைப் பற்றி அவர் பேசினால் உட்கார்ந்து கேட்கலாம். மற்ற எல்லாவற்றையும் பற்றி அதே குரலில் பேசியதுதான் தாங்க முடியாதது. பேராசிரியர்கள் அவர் முன்னால் தலையாட்டியே கழுத்து வலி கண்டவர்கள். அந்த வருடம் புதிதாக விமானப் பொறியியல் பிரிவு தொடங்கியிருந்தார். கல்லூரி நாளன்று பெற்றோர் முன்னால் ரிமோட் விமானம் ஒன்று பறக்க வேண்டும் என்று உத்தரவு.

அதைச் செய்தவர் ஆய்வக உதவியாளர். ஆறு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருந்த பெண். "பறக்கட்டும்மா, பர்மனென்ட் ஆர்டரை மேடையிலேயே தரேன்" என்று தாளாளர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். நடவு வேலைக்குப் போகும் தன் அம்மாவை அன்று ஒரு நாள் லீவு போடச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார் அந்தப் பெண்.

விழாச் செய்திக்காகப் போயிருந்த எனக்குக் காலையில் ஆய்வகத்தில் விமானத்தைக் காட்டினார். தெர்மாகோல் அட்டையில் செய்தது. இறக்கை உடம்புக்கு மேலே இருந்தது. ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற அமைப்பு. மேசையில் பிரிக்காத மோட்டார்ப் பெட்டி ஒன்று இருந்தது. இவர் கேட்டது ஆயிரம் என்று எண் போட்ட மோட்டார். தாளாளர் வாங்கித் தந்ததில் இரண்டாயிரத்து இருநூறு. "எது பெருசு சொல்லு? மில்லுல சின்ன மோட்டார் போட்டா தவிடுகூட வராது" என்றாராம். அந்த எண் பலத்தைச் சொல்வதல்ல, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதைச் சொல்வது. பழகுபவரின் விமானத்துக்கு நிதானமாகச் சுற்றிப் பெரிய புரொப்பல்லரை இழுக்கும் மோட்டார் வேண்டும். அதே புரொப்பல்லரை வேகமான மோட்டாரில் மாட்டினால் ஒயர் புகைந்துவிடும். ஆகவே தன்னிடமிருந்த பழைய ஆயிரத்தையே மாட்டியிருந்தார். தாளாளர் அதைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அவர் கண்டுபிடித்தது கோணலை. மோட்டாரை மூக்கில் நேராக மாட்டக் கூடாது என்று உதவியாளர் எனக்கு விளக்கியிருந்தார். முழு வேகத்தில் இந்த வகை விமானம் மூக்கைத் தூக்கும், புரொப்பல்லர் சுற்றுவதால் இடப்பக்கம் சாயும். இரண்டையும் அடக்க மோட்டாரைக் கொஞ்சம் கீழேயும் கொஞ்சம் வலப்பக்கமும் பார்க்க வைக்க வேண்டும். மோட்டாருக்கும் மூக்குப் பலகைக்கும் நடுவில், திருகுகளில் கோத்து, மேல் இடது மூலையில் இரண்டு வாஷர், மேல் வலதிலும் கீழ் இடதிலும் ஒவ்வொன்று. அவ்வளவுதான் விஷயம். நான் குறிப்பேட்டில் படம் போட்டுக்கொண்டேன்.

விழா தொடங்கும் முன் தாளாளர் வந்தார். காரிலிருந்து ரசமட்டம் எடுத்துவரச் சொல்லி மோட்டார் மேல் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"என்னம்மா இது? நாப்பது வருஷமா மோட்டார் மாட்டறேன். இப்படி இருந்தா பெல்ட் கழண்டுடும்."

"சார், இதுல பெல்ட் இல்லைங்க சார். கோணலாத்தான் இருக்கணும்."

"கோணலா இருக்கணும்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு? நீ என்ன எச்ஓடியா?"

துறைத் தலைவர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

வாஷர்கள் கழன்று என் கைக்கு வந்தன, குமிழி நடுவில் நின்றது. உதவியாளர் ரிமோட்டைப் பிடித்தார். கையிலிருந்து எறியப்பட்ட விமானம் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கியது, இடப்பக்கம் புரண்டது, மைதானத்தை ஒட்டிய சம்பா வயலில் தலைகுப்புற விழுந்தது. எல்லாம் ஐந்தாறு விநாடி. கடைசி வரிசையிலிருந்த அம்மா பழக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி அதை எடுத்துவந்தார்.

தாளாளர் என் தோளில் கை போட்டார். "காத்துன்னு போட்டுடுங்க." வருடம் முழுக்க விளம்பரம் தரும் கல்லூரி. 'பலத்த காற்றால் விமானம் தரையிறங்கியது' என்று எழுதினேன். கல்லூரிக்குள் கொடுத்த மெமோவில் காற்று இல்லை, உதவியாளரின் கவனக்குறைவு இருந்தது. அந்த மாதத்தோடு அவர் வேலை போனது. வாஷர்கள் என் சட்டைப்பையிலும், படம் என் குறிப்பேட்டிலும் இருந்தன. தாளாளரையும் துறைத் தலைவரையும் கேவலமாக நினைப்பது எனக்கு எளிது. பட்டியலை அங்கேயே முடித்துக்கொள்ள முடியாததுதான் சிக்கல்.

போன மாதம் கல்லூரிக்கு ஒரு வேலையாகப் போனேன். வரவேற்பறையில் என் செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. படத்தில் தாளாளர் விமானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் கல்லூரிக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கிடக்கிறது, ஒரு மடிப்புகூட அசையாமல்.

திரும்பும் வழியில் ஒரு வயலோரம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறார். சொந்த வண்டி, இரண்டு ஆட்கள். நான் வாஷர்களைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னும் வச்சிருக்கீங்களா சார்?"

"வச்சிருக்கேன். தரட்டுமா?"

"எனக்கெதுக்கு? அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"தெரியும்."

"அம்மா கேட்டுக்கிட்டே இருக்கும், பேப்பர்காரருக்குப் புரியலையோன்னு. சொல்லிடறேன்."

ட்ரோன் கிளம்பிய சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். நான்கும் இருக்கின்றன. துருகூடப் பிடிக்கவில்லை.